1970களின் டிஷ்வாஷர்: டம்ளர்களில் வெண்படலம், தரையில் ஈரம் – உதவி தேவை

கேள்வி (ஓகாயோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். டேட்டன் நகரத்துக்கு அருகில் சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு, ஹோபார்ட் நிறுவனம் கிச்சன்எய்ட் என்ற பெயரில் செய்து வந்த கேடி வரிசை டிஷ்வாஷர் ஒன்றும் வந்து சேர்ந்தது. 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்தொட்டி முழுவதும் பீங்கான் பூச்சு. ஒரு கீறல்கூட இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக இதை ஓட்டாமல், தட்டு வைக்கும் அலமாரியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மூன்று வாரங்களாக ஓட்டிப் பார்க்கிறேன். எவர்சில்வர் டம்ளர்களில் விரலால் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் போல ஒட்டிக்கொள்ளும் வெண்படலம் படிகிறது. இட்லித் தட்டின் குழிகளில் காய்ந்த மாவு அப்படியே இருக்கிறது. கழுவத் தொடங்கும்போது மோட்டார் சீராக முழங்கினாலும், சிறிது நேரத்தில் ஹூக்கா இழுப்பது போன்ற ஒரு கொரகொரப்புக் கேட்கிறது. முடிந்த பிறகு முன்பக்கத்தின் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தரை ஈரமாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் மாத்திரை வடிவ டிடர்ஜென்டைத்தான் போடுகிறேன். எங்கள் வாட்டர் ஹீட்டர் 120 பாரன்ஹீட்டில், அதாவது 49 செல்சியஸில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (மிச்சிகனிலிருந்து)

முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள், ஐயா. உங்கள் இயந்திரத்தின் கதவில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும்: மூடியில்லாதது முன்கழுவலுக்கு, மூடியுள்ளது முதன்மைக் கழுவலுக்கு. மாத்திரையை மூடியுள்ள கிண்ணத்தில் வைத்தால் முன்கழுவல் வெறும் தண்ணீரில் நடந்துவிடுகிறது. திறந்த கிண்ணத்தில் வைத்தாலோ முன்கழுவல் நீரோடு சேர்ந்து மொத்த மருந்தும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. தூள் டிடர்ஜென்ட் வாங்கி, இரண்டு கிண்ணங்களிலும் போடுங்கள்.

வெண்படலம் உப்புப் படிவா, கண்ணாடி அரிப்பா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரை வினிகரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பாருங்கள். படலம் கரைந்தால் அது கடினநீரின் சுண்ணாம்பு. கரையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அதை எதனாலும் மீட்க முடியாது.

மறுமொழி (கலிபோர்னியாவிலிருந்து)

சொன்னால் வருத்தப்படக்கூடாது. 2013 முதல் இங்கே விற்கப்படும் சாதாரண அளவு டிஷ்வாஷர் ஒரு முறை கழுவ 5 கேலனுக்கு மேல் தண்ணீர் எடுக்கக்கூடாது என்பது சட்டம். உங்களுடையது அதைப் போல இரண்டு மடங்காவது குடிக்கும். எங்கள் மாநிலத்தின் வறட்சியைப் பார்த்துப் பழகியதால் சொல்கிறேன், புதியது வாங்கிவிடுங்கள்.

மறுமொழி (நியூ ஜெர்சியிலிருந்து)

தண்ணீர்க் கணக்கு சரிதான். ஆனால் கேட்டவர் பழுது பார்க்கத்தான் வழி கேட்டிருக்கிறார். இருபது ஆண்டுகளாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவற்றைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில், அந்தக் கொரகொரப்பைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பம்பு தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்போது அப்படித்தான் கேட்கும். அதாவது தொட்டியில் போதிய நீர் இல்லை. அக்காலத்து அமெரிக்க இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நீரின் அளவைப் பார்த்து வால்வு மூடுவதில்லை, டைமர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அதைத் திறந்து வைக்கிறது. உள்ளே தெரியும் மிதவை, நீர் அளவுக்கு மீறினால் தடுப்பதற்காகவே இருக்கிறது. எனவே வால்வின் நுழைவாயில் அடைத்துக்கொண்டால் அதே நேரத்தில் குறைவான நீர்தான் வந்து சேரும், இயந்திரத்துக்கு அது தெரியவும் தெரியாது.

கழிவுநீர்க் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, ஒரு நிரப்பலுக்கு எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு பிரேக்கரை அணைத்து, தண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு, கீழ்ப்பலகையைக் கழற்றினால் வால்வு தெரியும். அதன் வாயில் ஒரு சிறிய சல்லடை இருக்கும். மின்தேக்கி இருந்தால், பிரேக்கரை அணைத்த பிறகும் அதன் முனைகளைக் கையால் தொடக்கூடாது. அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. வாளியில் வந்தது ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பும் பச்சையுமாக ஒரு படலம், அதற்கடியில் மணல், நடுவில் மிளகளவு சிவப்பு ரப்பர்த் துண்டு ஒன்று. பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டிய பிறகு அதே வாளியில் ஒன்பது லிட்டர் வந்தது, கொரகொரப்பும் அடியோடு நின்றுவிட்டது. இட்லித் தட்டு இப்போது பாதி சுத்தம். வினிகரில் படலம் கரைந்துவிட்டது, எனவே சுண்ணாம்புதான். தூளுக்கு மாறியும் டம்ளர்களில் மங்கல் முழுதாகப் போகவில்லை. ('ஐயா' என்று எழுதியவருக்கு: நான் பெண். அக்கா என்றே அழைக்கலாம்.)

மறுமொழி (மிச்சிகனிலிருந்து)

மன்னிக்க வேண்டும், அக்கா. மீதிக்குக் காரணம் இயந்திரத்தில் இல்லை என்பது என் எண்ணம். அந்த இயந்திரம் வடிவமைக்கப்பட்ட காலத்தில் வீட்டு ஹீட்டர்கள் 140 பாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸில் இருப்பது வழக்கம். டிடர்ஜென்டில் பாஸ்பேட் தாராளமாக இருந்தது. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தில் படியவிடாமல் கழிவுநீரோடு அனுப்பிவிடுவது பாஸ்பேட்டின் வேலை. ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி பெருகியதால், 2010 ஜூலையில் பல மாநிலங்கள் அதன் அளவை ஒரே நேரத்தில் கடுமையாகக் குறைத்தன; உற்பத்தியாளர்களும் நாடு முழுவதற்குமான தயாரிப்பை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

இன்றைய தூளில் இருப்பவை நொதிகள். மாவையும் புரதத்தையும் அவை நன்றாகவே உடைக்கும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். புதிய இயந்திரங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, நீரை மெல்லச் சூடாக்கிக்கொண்டே கழுவுவது அதனால்தான். பழையதோ சுடுநீரையும் வேகத்தையும் நம்பி, சில நிமிடங்களில் முதன்மைக் கழுவலை முடித்து நீரைக் கொட்டிவிடும்.

எனவே இயந்திரத்தை இயக்குவதற்கு முன் சமையலறைக் குழாயில் கை பொறுக்காத சூடு வரும்வரை தண்ணீரை விட்டுப் பிடியுங்கள் (அந்த நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஆறவைத்து ஊற்றலாம், கலிபோர்னிய நண்பரும் கோபிக்க மாட்டார்). இல்லையென்றால் குழாயில் தங்கிக் கிடக்கும் பச்சைத் தண்ணீர்தான் முதல் நிரப்பலாகப் போகும். ரின்ஸ் எய்டு என்ற அலசல் திரவத்தைக் கட்டாயம் ஊற்றுங்கள். ஹீட்டரின் சூட்டைக் கூட்டலாம், ஆனால் 60 செல்சியஸ் நீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், குளியலறைக்குப் போகும் நீரைத் தணிக்கும் கலப்பு வால்வைப் பொருத்தாமல் அதைச் செய்யவே கூடாது.

மறுமொழி (நியூ ஜெர்சியிலிருந்து)

கசிவுக்கு வருகிறேன். கதவு ஓரத்து ரப்பரை முதலில் சோப்புநீரால் துடைத்துவிட்டு, ஒரு நாணயத்தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் தடையில்லாமல் வருகிறதோ அங்கே ரப்பர் சரியாக ஒட்டி அடைக்கவில்லை. எல்லா இடத்திலும் பிடித்தால், அடுத்து மோட்டார் அச்சைச் சுற்றியுள்ள சீல். இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று உரசி நீரைத் தடுக்கும் பொருள் அது. ஆறு ஆண்டுகள் காய்ந்து கிடந்தால் ரப்பர் பகுதி விறைத்துப்போகும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது மோட்டாரின் தலையிலிருந்து வெள்ளைத் தாரை இறங்கியிருந்தால் சீலேதான். மோட்டாருக்குள் நீர் இறங்கினால் பேரிங்கும் போய்விடும், எனவே அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

பாகம் தேடும்போது கதவின் ஓரத்தில் உள்ள மாதிரி எண்ணை அப்படியே கொடுங்கள். 1986இல் கிச்சன்எய்ட் வேர்ல்பூலின் கைக்குப் போன பிறகு வந்த இயந்திரங்கள் வேறு, உங்களுடையது வேறு. பெயரை மட்டும் சொன்னால் பொருந்தாத சீல்தான் வந்து சேரும்.

கேட்டவர்

தாள் சோதனையில் இடது கீழ் மூலையில் மட்டும் தடையே இல்லை. கதவு ரப்பரை அங்கே கழற்றியபோது உள்ளே ஒரு தீக்குச்சி கனத்துக்கு உறைந்த கொழுப்பு. சுத்தம் செய்து, வெந்நீரில் ஊறவைத்துத் திரும்ப மாட்டினேன். நான்கு முறை ஓட்டியாகிவிட்டது, தரை உலர்ந்தே இருக்கிறது. மோட்டார் தலையிலும் தாரை இல்லை. குழாயைச் சூடாக்கிவிட்டு ஓட்டியதில் டம்ளர்கள் வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டுமே மங்கல் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. கீழ் ராக்கின் கம்பி முனைகள் சிலவற்றில் உறை உரிந்து துரு தெரிகிறது, பீங்கான் தட்டில் பழுப்புப் புள்ளி விழுகிறது.

மறுமொழி (நியூ ஜெர்சியிலிருந்து)

துருவை உப்புத்தாளால் வெள்ளைக் கம்பி தெரியும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, டிஷ்வாஷர் ராக்குக்கென்றே விற்கும் திரவ வினைலை இரண்டு பூச்சுப் பூசுங்கள். முனைகளுக்கு அதே கடையில் சிறிய ரப்பர்த் தொப்பிகள் கிடைக்கும். பூசிய பிறகு ஒரு நாள் முழுவதும் ராக்கை உள்ளே வைக்காதீர்கள்.