பகையாளி வீட்டில் மொய் எழுதிய மேயர்

பிராங்ஸ் பாலு:
போன வாரம் நாஷுவா நாதன் இங்கே ஒன்றை எழுதிவிட்டுப் போனார். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சி ப்ரைமரியில் எங்கள் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி தோற்றதற்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தமே இல்லையாம். எங்கள் யாங்கீஸ் அணியின் பரம எதிரி, பாஸ்டனின் ரெட் சாக்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் தப்பும் இல்லையாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2007 அக்டோபர். யாங்கீஸ் முதல் சுற்றிலேயே கிளீவ்லாண்டிடம் 3-1 என்று தோற்று வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அணியை நடத்திய ஜோ டோரி, ஒரு வருஷ ஒப்பந்தம் எனக்கு வேண்டாம் என்று 18ஆம் தேதி போய்விட்டார். எழவு வீடு மாதிரி இருந்தோம். 23ஆம் தேதி ஜூலியானி பாஸ்டனில் நின்றுகொண்டு, பேஸ்பால் இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸில் என் ஆதரவு ரெட் சாக்ஸுக்கு என்றார். இவர் மேயராக இருந்தபோதுதான் 1996, 98, 99, 2000 என்று யாங்கீஸுக்கு நாலு கோப்பை வந்தது. எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்திலேயே திட்டித் தீர்த்தன. அதில் தப்பில்லையா?

நாஷுவா நாதன்:
பாலு அண்ணே, அவர் சொன்ன காரணத்தை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பேஸ்பாலில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், இரண்டிலும் ஜெயித்த அணிகள் மோதுவதுதான் வேர்ல்ட் சீரிஸ். யாங்கீஸும் ரெட் சாக்ஸும் அமெரிக்கன் லீக். நான் அமெரிக்கன் லீக் ரசிகன், என் அணி வெளியேறினால் அந்த லீக்கிலிருந்து போகும் அணியை ஆதரிப்பேன் என்றார். எதிரே இருந்தது கொலராடோ ராக்கீஸ், அது நேஷனல் லீக். கொலராடோவுக்குப் போனாலும் இதையே சொல்வேன் என்றும் சொன்னார். ஒரே லீக். இதில் துரோகம் எங்கே வந்தது?

பிராங்ஸ் பாலு:
ஒரே லீக் என்பதால்தானே பகையே! ஒரே லீக், அதற்குள்ளும் ஒரே பிரிவு, டிவிஷன். அந்த வருஷம் மட்டும் பதினெட்டு ஆட்டம் மோதினோம். பக்கத்து வயல்காரனோடுதான் வரப்புச் சண்டை வரும், பத்து ஊர் தள்ளி இருப்பவனோடு வராது. ராக்கீஸ் எனக்கு என்ன கெடுதல் செய்தது? 2004ல் லீக் இறுதிச் சுற்றில் நாங்கள் 3-0 என்று முன்னால் இருந்து நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றோமே, அது யாரிடம்? கொலராடோவிடமா?

நாஷுவா நாதன்:
லீக் என்பது வெறும் பெயர் இல்லை அண்ணே. அப்போதைய விதிப்படி, இரண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஜெயிக்கும் லீக்கின் அணிக்குத்தான் வேர்ல்ட் சீரிஸில் சொந்த மைதானச் சலுகை. 2007ல் ஜெயித்தது அமெரிக்கன் லீக். அதனால்தான் முதல் ஆட்டமே எங்கள் ஃபென்வே மைதானத்தில் நடந்தது, 13-1 என்று அடித்தோம். லீக்கைச் சேர்ந்த எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் யாங்கீஸ் ஆட்களும் அந்த ஆல் ஸ்டாரில் எங்களுக்காகத்தானே ஆடினார்கள்?

பிராங்ஸ் பாலு:
எங்கள் ஆட்கள் உழைத்து வாங்கிக் கொடுத்ததில் நீங்கள் கோப்பை தூக்கினீர்கள், அதற்கு நான் கைதட்ட வேண்டும். நல்ல நியாயம்.

சிகாகோ செல்வி:
ஜூலியானியை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? அதே ப்ரைமரியில் ஜனநாயகக் கட்சிப் பக்கம், 2007 செப்டம்பர் விவாதத்தில் நெறியாளர் டிம் ரஸர்ட் ஹிலரி கிளின்டனிடம் கேட்டார்: சிகாகோவின் கப்ஸும் யாங்கீஸும் வேர்ல்ட் சீரிஸில் மோதினால் யார் பக்கம்? மாறி மாறி ஆதரிக்க வேண்டியிருக்கும் என்றார். சிகாகோ பக்கத்துப் பார்க் ரிட்ஜில் வளர்ந்தவர், 1994ல் கப்ஸின் ரிக்லி மைதானத்தில் முதல் பந்து எறிந்தவர். 1999ல் நியூயார்க் செனட் தேர்தல் வருகிறது என்றதும் யாங்கீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். எனக்கு அந்தத் தொப்பிதான் வலித்தது. ஒபாமா கடைசி வரை சிகாகோவின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸ் என்றே சொன்னார். நான் கப்ஸ் ரசிகை, இருந்தும் அந்த விஷயத்தில் அவரை மதித்தேன்.

பிராங்ஸ் பாலு:
செல்வி அக்கா, ஹிலரியின் தொப்பிக்குத் தனியாக எழுதுங்கள். அவர் எங்கள் பக்கம் வந்தவர். இவர் எங்களை விட்டுப் போனவர். இரண்டும் ஒன்றில்லை.

சிகாகோ செல்வி:
உங்கள் பக்கம் வந்தால் அது வரவு, உங்களை விட்டுப் போனால் துரோகமா?

குயின்ஸ் ரவி:
பாலு சாருக்கு 2008ல் ஓட்டே கிடையாது, கிரீன் கார்டுதான். ஓட்டு இல்லாதவருக்கு ஒரு வேட்பாளர் எப்படித் துரோகம் செய்ய முடியும்?

பிராங்ஸ் பாலு:
ரவி, ஓட்டு இல்லாமல்தான் விடிய விடிய, முதலில் ஓட்டு நடந்த அயோவா மாநில முடிவு பார்த்தேன். ஓட்டு இல்லாதவன் ஆசைப்படக் கூடாதா? யாங்கீஸ் அணியிலும் எனக்குப் பங்கு இல்லை, அதற்காக அழாமல் இருந்தேனா? 2007ல் பதினேழு ஆட்டம் மீதி இருக்கும்போது ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்து பிலடெல்பியா பில்லீஸிடம் கோட்டைவிட்ட, நியூயார்க்கின் இன்னொரு அணியான உங்கள் மெட்ஸின் ஆட்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

குயின்ஸ் ரவி:
எதற்கெடுத்தாலும் 2007 மெட்ஸ். யாங்கீஸும் மெட்ஸும் மோதிய 2000 வேர்ல்ட் சீரிஸ், அந்த சப்வே சீரிஸிலிருந்து உங்கள் வாய் அடங்கவே இல்லை.

பிராங்ஸ் பாலு:
4-1. ஏன் அடங்க வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலியானி அடிக்கடி சொன்ன கதை உண்டு. ப்ரூக்ளினில், அப்போது அந்த ஊர் அணியாக இருந்த டாட்ஜர்ஸின் ரசிகர்களுக்கு நடுவே, அவர் அப்பா சின்னப் பையனுக்கு யாங்கீஸ் உடுப்பு போட்டு வெளியே விடுவாராம். மற்றப் பையன்கள் விரட்டியிருக்கிறார்கள். அப்படி அடி வாங்கி வளர்ந்தவர் ரெட் சாக்ஸ் ரசிகர்கள் நிறைந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஓட்டுக்காக அதைத் தூக்கிப் போட்டார். அங்கே என்ன கிடைத்தது? நாலாவது இடம். பிறகு புளோரிடாதான் கதி என்று உட்கார்ந்தார். அங்கே குடியேறிய நியூயார்க்காரர்களை நம்பினார், யாங்கீஸ் பயிற்சி முகாமே அங்குள்ள டாம்பாவில்தான். ஜனவரி 29, மூன்றாவது இடம். மறுநாள் போட்டியாளர் ஜான் மெக்கெய்னுக்கு ஆதரவு சொல்லிவிட்டு விலகினார். நம்ம ஊர்க்காரர்கள் மறக்கவில்லை நாதன்.

நாஷுவா நாதன்:
புளோரிடாவில் மெக்கெய்ன் ஜெயித்ததற்கு ஆளுநர் சார்லி கிறிஸ்ட் கடைசி நேரத்தில் ஆதரவு கொடுத்தது ஒரு காரணம். அதற்கு முன் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் கரோலினா என்று எல்லா இடத்திலும் ஜூலியானி பின்தங்கி, டிவியில் அவர் முகமே வராமல் போய்விட்டது. இதில் பேஸ்பால் எங்கே? அப்புறம் நான் நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டுப் போட்டவன். கட்சி பதியாதவர்கள் எந்த ப்ரைமரியிலும் போடலாம். மெக்கெய்னுக்குப் போட்டேன்.

பிராங்ஸ் பாலு:
நிறுத்துங்கள். உங்கள் அணிக்காகத் தன் ஊரையே பகைத்துக்கொண்டவருக்கு நீங்களே ஓட்டுப் போடவில்லையா?

நாஷுவா நாதன்:
ஓட்டு வேறு, லீக் வேறு.

பிராங்ஸ் பாலு:
எல்லாரும் பாருங்கள். இவர் வாயாலேயே வந்துவிட்டது. பாஸ்டன்காரனும் மதிக்கவில்லை, நியூயார்க்காரனும் மன்னிக்கவில்லை. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நாஷுவா நாதன்:
நீங்கள் சொன்னது அது இல்லை. துரோகம் என்றீர்கள். ஒரே லீக் அணியை ஆதரிப்பது எப்படித் துரோகம் என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

சிகாகோ செல்வி:
எனக்கும் பதில் வரவில்லை.

பிராங்ஸ் பாலு:
நாதன், 2004க்கு முன்னால் உங்கள் தலையில் ரெட் சாக்ஸ் தொப்பி இருந்து நான் பார்த்ததே இல்லை. ஜெயித்த பிறகு வந்தவர்களுக்குப் பகை என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

நாஷுவா நாதன்:
இதை நீங்கள் சொல்லக் கூடாது. நான் 1996லேயே நாஷுவா வந்தவன். 2003ல் பதினோராவது இன்னிங்ஸில் உங்கள் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து எங்களை வெளியேற்றிய ராத்திரி உங்கள் வீட்டு சோபாவில்தான் இருந்தேன். நீங்கள் குதித்தீர்கள், நான் செருப்பைக்கூடத் தேடாமல் காருக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அண்ணிதான் வெளியே வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களையே கேளுங்கள்.

பிராங்ஸ் பாலு:
தண்ணீர் கொடுத்தது உண்மை. தலைவலி என்று சொல்லித்தானே வாங்கிக் குடித்தீர்கள்? தொப்பி இருந்ததா, இல்லையா?

நாஷுவா நாதன்:
காரில் இருந்தது.