அம்மாவுக்கு டிஜாக்ஸின்: சனி, ஞாயிறு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

சரவணன்:
அம்மாவுக்கு வயது 72. இதயத்துடிப்பு சீராக இல்லை என்று டிஜாக்ஸின் 0.25 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் ‘வாரம் 5 நாள், சனி ஞாயிறு வேண்டாம்’ என்று இருக்கிறது. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டாலே திட்டுகிறார்கள், இதய மருந்துக்கு எப்படி இரண்டு நாள் லீவு? அம்மா பயந்துபோய், திங்கட்கிழமை சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்.

ரவி:
எங்கள் பெரியப்பாவுக்கும் இதே கணக்குதான். தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிவிடும், அதனால்தான் இடைவெளி என்று சொன்னார்கள்.

மீனாட்சி:
சேர்த்துப் போடவே கூடாது தம்பி. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ரவி சார், உடம்பு பழகிவிடும் என்பதற்காக இல்லை. இந்த மருந்தில் வேலை செய்யும் அளவும் விஷமாகும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் இருந்தால் போதும். 2-ஐத் தாண்டினால் ஆபத்து. தினமும் ஒரு மாத்திரை என்றால் வாரத்துக்கு 1.75 மி.கி. ஆகிறது, 5 நாள் என்றால் 1.25. வயதானவர்களுக்கு மொத்த அளவைக் குறைக்கத்தான் அந்த இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் மருந்து உடம்பில் இல்லாமல் போய்விடாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கே பாதி வெளியேற ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். வெள்ளி காலை போட்டதில் கால் பங்குக்குக் குறையாமல் திங்கள் காலையிலும் ரத்தத்தில் இருக்கும். ஆனாலும் அளவு ஏறி இறங்குகிறதே என்று, இப்போது பல டாக்டர்கள் தினமும் அரை மாத்திரை கொடுப்பதையே விரும்புகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, கிழமை குழம்பாது. அடுத்த முறை கேட்டுப் பாருங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்திலேயே இந்தப் பயம் இருந்தது. இதே வகை மருந்து உள்ள ஃபாக்ஸ்க்ளோவ் இலையைப் பற்றி 1785-இல் எழுதிய இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங், சிறுநீர், வயிறு, நாடி, குடல் இதில் எதிலாவது வேலை தெரியும்வரை கொடுங்கள், தெரிந்ததும் நிறுத்துங்கள் என்றார். பசியின்மை, குமட்டல், நாடி மெதுவாவது, பார்வையில் மஞ்சள் தட்டுவது: இன்றைக்கும் நாங்கள் இவற்றைத்தான் கேட்கிறோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) எவ்வளவு? வேறு என்ன மாத்திரை போடுகிறார்?

சரவணன்:
கிரியாட்டினின் 1.7. கால் வீக்கத்துக்கு லேசிக்ஸ் போடுகிறார். நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது என்கிறார் அம்மா. வாயுத்தொல்லை என்று நினைத்தோம்.

மீனாட்சி:
இன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். டிஜாக்ஸின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அது மந்தமானால் தேங்கும். லேசிக்ஸ் பொட்டாசியத்தைக் குறைக்கும், குறைந்தால் சரியான அளவு மருந்தே இதயத்தைத் தாக்கும். பொட்டாசியம், கிரியாட்டினின், டிஜாக்ஸின் மூன்றும் பார்க்கச் சொல்வார்கள். கடைசி மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், போட்ட நேரத்தை லேபில் சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலும், நாடி 60-க்குக் கீழே போனாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, எல்லா மாத்திரை அட்டைகளோடும்.

சரவணன்:
டாக்டர் உடனே அழைத்து வரச் சொல்லிவிட்டார். கிளம்புகிறோம் அக்கா.