கல்லடியில் இருந்து புதிய செடான் வாங்குதல்: முகவரிடமா, ரீகண்டிஷனா? உப்புக் காற்றில் எப்படிப் பராமரிப்பது?

கல்லடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. கணவர் அம்பாறையில் பணியாற்றுகிறார். அம்மாவை இடைக்கிடை கிளினிக்குக்காக மகியங்கனைப் பாதையால் கண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்படும் வரை காத்திருந்து, இப்போது ஒரு செடான் (பின்னால் தனி டிக்கியுள்ள கார்) வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறோம். அம்மா சிரமமின்றி ஏறி இறங்கவும், அவரது சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்கவும் அதுவே பொருத்தம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் உடன்பாடு.

எங்கள் முன் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. ஒன்று, கொழும்பிலுள்ள அதிகாரம் பெற்ற முகவரிடம் உத்தரவாதத்துடன் பிராண்ட் நியூ வாகனம் எடுப்பது. மற்றையது, மட்டக்களப்பிலேயே ஒரு விற்பனை நிலையத்தில் நிற்கின்ற, ஜப்பானில் ஓடி வந்த, இன்னும் இங்கு பதிவு செய்யப்படாத ரீகண்டிஷன் ஹைபிரிட் (பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுவது). விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் இரண்டாவதில் வசதிகள் அதிகம். ஆனால் அந்த விற்பனையாளர் தந்த முற்பணப் படிவத்தில், வரியோ டொலர் பெறுமதியோ மாறினால் விலை மாறும் என்றும், முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் எழுதியிருக்கிறது. காப்புறுதியையும் தங்கள் மூலமாகவே எடுக்க வேண்டுமாம். நாளைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்று தொலைபேசியில் இருமுறை நினைவூட்டிவிட்டார்.

இந்த நிபந்தனைகள் வழமையானவையா? கடலுக்கு இவ்வளவு அருகில் வைத்திருக்கும் காரை எப்படிப் பராமரிக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


ஏறாவூர் லீசிங் எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் நிதி நிறுவனமொன்றில் வாகனக் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். நாளைக்குள் என்ற நெருக்கடிக்கு முதலில் இடம் கொடுக்காதீர்கள். இறக்குமதி மூடியிருந்த காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது கப்பல் வருகிறது, வாகனமும் வருகிறது.

அந்த விலை மாற்ற நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்னும் ஜப்பானிலோ கப்பலிலோ இருக்கும் வாகனத்துக்கு முற்பணம் கட்டும்போது, அது துறைமுகத்துக்கு வந்து வரி செலுத்தப்படும் நாளில் என்ன வரி, என்ன நாணயமாற்று விகிதம் என்பது விற்பவருக்கும் தெரியாது. அங்கே அந்த நிபந்தனைக்குப் பொருள் உண்டு. நீங்கள் சொல்லும் வாகனமோ மட்டக்களப்பில் கண்முன்னே நிற்கிறது. சுங்கத்தில் வரி கட்டி விடுவிக்கப்பட்டதால்தான் அது இங்கு வந்திருக்கிறது. கட்டி முடித்த வரி இனி எப்படிக் கூடும்? ஆகவே அந்த நிபந்தனையை வெட்டி, இறுதி விலையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் அந்த வாகனம் உண்மையில் அவருடையதா, அல்லது வேறொரு இறக்குமதியாளருக்காகக் காட்சிக்கு நிற்கிறதா என்ற சந்தேகம் எனக்கு வரும். அப்படியானால் சுங்க ஆவணம் யார் பெயரில் இருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

முற்பணம் திருப்பித் தரப்படாது என்பதும் அப்படியே ஏற்க வேண்டியதல்ல. நீங்கள் மனம் மாறினால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது வேறு விடயம். கடன் அங்கீகரிக்கப்படாவிட்டாலோ, ஆவணங்களில் குறை இருந்தாலோ, சொன்ன திகதியில் வாகனம் கிடைக்காவிட்டாலோ முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று எழுதுவியுங்கள். பணத்தைக் காசாகக் கொடுக்காமல் நிறுவனத்தின் பெயருக்கு வங்கி மூலம் செலுத்தி, பற்றுச்சீட்டில் செசி இலக்கத்தையும் (வாகனத்தின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் தனி இலக்கம்) குறிப்பிடச் செய்யுங்கள். இலக்கம் இல்லாத பற்றுச்சீட்டு எந்த வாகனத்துக்கும் பொருந்தும் என்பதால் பிணக்கு வரும்போது உங்களுக்கு உதவாது.

கடன் எடுப்பதாயின் ஒன்று: வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கொடுக்கலாம் என்ற உச்சவரம்பை மத்திய வங்கி வாகன வகைக்கு ஏற்ப விதித்திருக்கிறது, அதை அவ்வப்போது மாற்றியும் இருக்கிறது. அந்த வீதமும் எங்கள் மதிப்பீட்டாளர் போடும் பெறுமதிக்குத்தான், விற்பவர் கேட்கும் விலைக்கு அல்ல. இடைவெளி முழுவதையும் நீங்கள் கைக்காசாகக் கட்ட வேண்டி வரும். எனவே மதிப்பீடு முடிந்து கடன் தொகை கடிதமாகக் கையில் கிடைத்த பின்னரே பெரிய முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

காப்புறுதி நிறுவனத்தை நீங்களே தெரிவு செய்யக் கேளுங்கள். கடன் தரும் நிறுவனம் எவற்றை ஏற்கும் என்ற பட்டியலை வாங்கினால் போதும். வாகனத்தைப் பதிவு செய்வதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், 2025 ஏப்ரல் முதல் தேவைப்படுகிறது. உங்களிடம் இல்லாவிட்டால் இப்போதே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.


கல்முனை கராஜ் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். வாங்குவதைப் பற்றி மேலே சகோதரர் நன்றாக எழுதிவிட்டார். நான் கராஜ் நடத்துபவன். கல்லடி, காத்தான்குடி, மருதமுனைப் பக்கத்துக் கார்கள் அதிகம் வருவதால் பராமரிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

கடற்கரை வீட்டுக் கார்கள் கீழிருந்துதான் பழுதாகின்றன. மேற்பூச்சு பளபளவென்று இருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் பிரேக் குழாய்களின் பிடிகளிலும், சைலன்சர் இணைப்புகளிலும், பின்பக்க சஸ்பென்சன் போல்ட்டுகளிலும் துரு செதில் செதிலாக நிற்கும். பல வீடுகளில் காரைத் தினமும் கழுவுகிறார்கள், ஆனால் கிணற்று நீரால் கழுவுகிறார்கள். கரையோர மணலில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. அது காய்ந்ததும் உப்பு அப்படியே தங்கிவிடும். குழாய் நீரால் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கழுவினால், தினமும் கிணற்று நீரால் மேலே கழுவுவதைவிட எவ்வளவோ மேல். கதவுகளின் கீழ் விளிம்பில் நீர் வடியும் சிறு துவாரங்கள் இருக்கும். அவற்றில் மணல் அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு மெல்லிய குச்சியால் அவற்றைத் திறந்து வையுங்கள்.

அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்க விரும்பினால் வாகனம் வந்த உடனேயே, உலோகம் சுத்தமாகவும் உலர்வாகவும் இருக்கும்போது அடியுங்கள். ஏற்கனவே உப்பும் ஈரமும் ஏறிய உலோகத்தின் மேல் அடித்தால் துரு பூச்சுக்குள்ளே மறைந்துகொண்டு வளரும். பிராண்ட் நியூ எடுத்தால், வெளியில் பூச்சு அடிப்பது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்டிக்குப் போகும் பாதையை வைத்துத்தான் பிரேக் ஒயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எங்கள் கடற்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஈரம் ஏறிய ஒயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். ஊருக்குள் ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. கண்டியிலிருந்து திரும்பி மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது குழாயில் ஆவி உண்டாகி, மிதித்த பிரேக் பஞ்சாகக் கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுமையாக மாற்றுங்கள், மேலே ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. இறக்கத்தில் கியர் தெரிவில் ஆங்கில 'B' என்ற நிலை (நிறுத்தி வைக்கும் 'P' அல்ல) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் அவ்வளவாகச் சூடேறாது. அம்மாவை வைத்துக்கொண்டு ஓடும் பாதை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஹைபிரிட் எடுத்தால் பின்னிருக்கையின் பக்கத்தில், சிறு கம்பி வலை போன்ற ஒரு காற்று வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஹைபிரிட் செடான்களில் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கும். அதன்மேல் தலையணையோ பையோ துணியோ வைத்து மறைத்துவிடுகிறார்கள். அங்குள்ள வடிகட்டியைக் கழற்றினால் தூசு கம்பளித் துணி மாதிரிப் படிந்திருக்கும். அது அடைபட்டால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். பற்றரியை மாற்றும் செலவு எவ்வளவென்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சேர்விஸிலும் அந்த வடிகட்டியைத் துப்பரவு செய்யும்படி நீங்களே கேளுங்கள், கேட்காவிட்டால் பலர் தொடுவதில்லை.

உங்கள் கணவர் அம்பாறைப் பாதையில் ஓடுகிறார் என்பதால் இன்னொன்று. அறுவடைக் காலத்தில் வீதியில் கிடக்கும் வைக்கோலின் மேல் தாழ்வான செடானை ஓட்டினால் அது அடியில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் பாகங்கள் மிகுந்த சூட்டில் இருக்கும். தீப்பிடிக்க அது போதும். நிறுத்தியதும் குனிந்து பாருங்கள்.

எஞ்சின் ஒயிலை ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். குறுகிய ஓட்டம் ஓடுபவர்களுக்கு மாதக் கணக்குத்தான் முந்தும். ஒயிலின் தரம் வாகனக் கைநூலில் உள்ளபடியே இருக்கட்டும். 0W-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கும் எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் நல்லது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.


அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

சகோதரிக்கு, ரீகண்டிஷன் என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஜப்பானில் நல்ல நிலையில் ஓடிய கார் பல வருடம் பிரச்சினையின்றி உழைக்கும். ஆனால் ஏலத் தாளை, அதாவது ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையைக் குறித்து எழுதும் தாளை, பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல், செசி இலக்கத்தைக் கொடுத்து ஏலத் தாளைத் தேடித் தரும் சேவைகள் மூலம் நீங்களே ஒரு பிரதி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பொய்யான தாளில் பெரும்பாலும் மாற்றப்படுவது தரப்புள்ளியும் ஓடிய தூரமும்தான்.

தாளின் ஒரு மூலையில் காரின் விரித்த வரைபடமும் அதன்மேல் குறியீடுகளும் இருக்கும். 'ஏ' கீறல், 'யூ' நசிவு. இவை சிறிதாயின் பரவாயில்லை. 'டபிள்யூ' என்றால் அந்த இடம் திருத்திப் பூசப்பட்டது. 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தத் தகடு மாற்றப்பட்டது. 'எஸ்' துரு, உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு இந்த எழுத்துள்ள காரை நான் வாங்கமாட்டேன். தரப்புள்ளி இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஆர்' என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது என்று பொருள். ஆண்டு ஜப்பானிய ரெய்வா கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். 2019 முதலாம் ஆண்டு, எனவே 5 என்றால் 2023. ஆசனப் பட்டிகளின் அடியில் தைத்திருக்கும் சிட்டையிலும் தயாரித்த காலம் இருக்கும். ஒரு பட்டி மட்டும் பிந்திய காலத்தைக் காட்டினால் ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.


கல்லடி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விலை மாற்ற நிபந்தனையை நீக்கி இறுதி விலையை எழுதித் தரும்படி அந்த விற்பனையாளரிடம் கேட்டேன். படிவம் எல்லோருக்கும் பொதுவானது, தனியாக மாற்ற முடியாது என்றார். ஏலத் தாளையும் முற்பணம் கட்டிய பின்னரே காட்டுவாராம். ஆகவே அந்தக் காரை விட்டுவிட்டு முகவரிடமே எடுப்பதாக முடிவு செய்துள்ளோம். வசதிகள் குறைவுதான், ஆனால் சேர்விஸுக்கு மட்டக்களப்பிலேயே அவர்கள் அங்கீகரித்த இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். காரைப் பொறுப்பேற்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? வெள்ளக் காலத்துக்கான காப்புறுதி பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?


ஏறாவூர் லீசிங் எழுதியது:

நல்ல முடிவு டீச்சர். ஏலத் தாளைக் காட்டப் பணம் கேட்பவரிடம் வாங்காமல் விட்டதில் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. மட்டக்களப்பில் சேர்விஸ் செய்யலாம் என்பதை உத்தரவாதப் புத்தகத்திலோ ஒரு கடிதத்திலோ அந்த இடத்தின் பெயருடன் எழுதி வாங்குங்கள். உத்தரவாதக் கோரிக்கை வந்தால் காரைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் செலவு யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கிழக்கில் இருந்து வாங்குபவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி, பலர் கேட்பதே இல்லை.

முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளமும் புயலும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேட்டு, பத்திரத்தில் அந்த வாசகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாரி காலத்தில் கார் நீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் போன நீரை அமுக்க முடியாமல் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதம் ஒன்று, வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறொன்று என்று காப்புறுதிக்காரர் வாதிட அதுவே இடம் கொடுக்கும். நின்ற இடத்திலேயே படம் எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, இழுத்துச் செல்லும் வாகனத்தை அழையுங்கள்.

பொறுப்பேற்கும் நாளில் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில் பாருங்கள். காரின் மேற்புறம் ஈரமாக இருந்தால் கீறல் தெரியாது. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பற்றுச்சீட்டோடு நீங்களே ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். முதற்பதிவு உங்கள் பெயரிலேயே நடக்கிறதா என்பதை உறுதிப்படுத்துங்கள். வேறு பெயரில் பதிந்து உங்களுக்கு மாற்றினால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆகிவிடுவீர்கள், விற்கும்போது விலை குறையும். இரண்டாவது சாவியைப் பிறகு அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கைக்கு வரும் வரை பொறுப்பேற்புப் படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம்.