பொம்மைச் சோதனையில் குழந்தை தவறினால்: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

சிறப்புக் கல்வி:
அடுத்தவர் மனசில் இருப்பது உண்மையிலிருந்து வேறுபடலாம் என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பொம்மைச் சோதனை. இரண்டு பொம்மை, மூடி போட்ட ஒரு கூடை, ஒரு பெட்டி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு பந்து போதும். கோலிக்குண்டு வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். பொம்மைகளில் ஒன்று கமலா, மற்றது வள்ளி. கமலா பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். வள்ளி அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறாள். கமலா திரும்பி வந்ததும், "கமலா பந்தை எங்கே தேடுவா?" என்று கேளுங்கள். மாற்றியது அவளுக்குத் தெரியாது, அதனால் கூடை என்பதே சரியான பதில்.

இந்தக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எங்கே தேடணும்?" என்று கேட்டால், பந்து இருக்கிற இடத்தைத்தானே குழந்தை காட்டும்! "முதல்ல எங்கே தேடுவா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபமாகிவிடும். எதைக் கேட்டாலும் எல்லாக் குழந்தைகளிடமும் அதையே கேளுங்கள். பிறகு, "பந்து இப்ப எங்கே இருக்கு? முதல்ல எங்கே இருந்துச்சு?" இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் தடவையைக் கணக்கில் எடுக்காதீர்கள், கதையே மனசில் நிற்கவில்லை என்று பொருள். இருப்பதே இரண்டு இடம், குருட்டாம்போக்கில் காட்டினாலும் பாதி சரியாகிவிடும். அதனால் இடம் மாற்றி இன்னும் சில தடவை வையுங்கள்.

குழந்தை உளவியல்:
கையை மட்டும் பார்க்காதீர்கள், கண்ணையும் பாருங்கள். கமலா திரும்பி வரும் நேரத்தில் மூன்று வயதுக் குழந்தையின் பார்வை பல சமயம் கூடைக்குப் போகும். ஆனால் கேள்வி கேட்டதும் விரல் பெட்டியைக் காட்டும். 1994-இல் கிளெமென்ட்ஸ், பெர்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள்.

இதற்கு மூளை வளர்ச்சியோடு தொடர்பு இருக்கிறது. 2017-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனக் குழு 3, 4 வயதுக் குழந்தைகளை ஸ்கேன் செய்தது. காதுக்குச் சற்று மேலே, பின்பக்கம் உள்ள பகுதியையும் நெற்றிப்புறத்தின் கீழ்ப்பகுதியையும் வில் போல் இணைக்கும் நரம்புக் கட்டு எவ்வளவு முதிர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு வாய்வழிப் பதில் சரியாக வந்தது. பார்வையால் சொல்லும் பதில் வேறொரு பகுதியோடு தொடர்புடையது என்று 2020-இல் அதே குழுவினர் காட்டினார்கள். தெரிந்துகொண்டே தப்பாகச் சொல்கிறது என்று குழந்தையைத் திட்டுவது எவ்வளவு அநியாயம்!

எம்.ஆர்.ஐ. பிரிவு:
ஓர் எச்சரிக்கை. ஸ்கேனில் தலை ஒரு மில்லிமீட்டர் அசைய வேண்டும் என்றுகூட இல்லை, அதற்குக் குறைவான அசைவே மூளைப் பகுதிகளுக்கிடையே உள்ள இணைப்பின் கணக்கைக் கெடுத்துவிடும். தூரத்துப் பகுதிகளின் தொடர்பு உள்ளதைவிடக் குறைவாகவும், பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு கூடுதலாகவும் தெரியும். 2012-இல் இது வெளிப்பட்டது. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை இணைப்பு பற்றி முன்பு சொல்லிவந்த படமும் ஏறக்குறைய இதேதான்! அசைவை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று சொல்லாத ஆய்வை நம்பிப் பெற்றோரிடம் எதுவும் பேசாதீர்கள். பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் மாதிரி ஸ்கேனருக்குள் அசையாமல் படுக்கும் "சிலை விளையாட்டு" பழக்கி, சத்தத்தையும் முன்பே கேட்க வைத்தால் அசைவு குறையும்.

செவிப்புலன்:
மூளைக்குப் போகுமுன் காதைப் பாருங்கள். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகள் இந்தச் சோதனையில் பல ஆண்டு பின்தங்குகிறார்கள். வீட்டிலேயே சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் அப்படிப் பின்தங்குவதில்லை. "அவ நினைச்சா", "அவனுக்குத் தெரியாது" என்கிற பேச்சு வீட்டில் புழங்குகிறதா, அது பிள்ளைக்கு எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. செவிப் பரிசோதனை முடியாமல் இந்தச் சோதனையின் முடிவைக் கோப்பில் எழுத வேண்டாம்.