‘சுழல்’ தொடரில் மயானக் கொள்ளை எதற்கு?

பாலக்கோடு வாசகி:
2022-ல் வந்த ‘சுழல்’ இணையத் தொடரின் எட்டுப் பகுதியும் பார்த்து முடித்தேன். தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போவது, சிமென்ட் தொழிற்சாலை தீ, போலீஸ் அதிகாரிகள் சக்கரையும் ரெஜினாவும் விசாரிப்பது எல்லாம் புரிந்தது. ஆனால் துப்பு கிடைக்கிற நேரம் பார்த்து மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு போலீஸ் கதையில் அதற்கு ஏன் இவ்வளவு இடம்?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

அக்கா, பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் மாசியில் சிவராத்திரி முடிந்ததும் அங்காளம்மன் தென்பெண்ணை ஆற்றங்கரை மயானத்துக்குப் போவாள். கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் வாரி இறைப்பார்கள், சூறை விடுவது என்போம். எதற்கென்றால், சிவன் கிள்ளிய பிரம்மாவின் ஐந்தாவது தலை அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையாக எது விழுந்தாலும் அந்தக் கபாலமே தின்றுவிடும், அவருக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. அம்மன் சோற்றைத் தரையில் இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்குகிறது. மிதித்து அடக்கிவிடுகிறாள்.

இப்போது தொடருக்கு வாருங்கள். சண்முகம் மேல் சந்தேகம், முதலாளி மேல் சந்தேகம், அப்புறம் ரெஜினா மகன் அதிசயம் மேல் சந்தேகம். போலீஸ் ஊரெல்லாம் தேடுகிறது. செய்தவன் குணா, நிலா வீட்டு உறவுக்காரன். இட்டதைத் தின்றுகொண்டு கையிலேயே ஒட்டியிருந்தவன். அவன் கணக்கை முடிப்பதும் சட்டம் இல்லை, நிலாவின் அக்கா நந்தினி. முதல் தடவை பார்க்கும்போது அவள் மௌனம் திமிர் மாதிரி இருக்கும். குணா யார் என்று தெரிந்தபின் பாருங்கள், மனசு பதறும்.

அரூர் தம்பி:
அண்ணே, நாம் பம்பைச் சத்தத்தில் வளர்ந்தவர்கள், நமக்குக் கபாலம் ஞாபகம் வரும். தஞ்சாவூரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது வெறும் மேளமும் வேஷமும்தானே? தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற துப்பு ஒரு துப்பா?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
துப்பு என்று நான் சொல்லவே இல்லை தம்பி. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அது வேண்டாம், அந்த முடிவு ஏன் நெஞ்சில் அப்படி இறங்குகிறது என்பதற்குத்தான் வேண்டும். காளி வேஷம் கட்டுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய். முகத்தில் சாயம் ஏறும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். நாக்கைக் கட்டியதும் பேச்சு நின்றுவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். தெரிந்த முகத்துக்குள்ளேயே தெரியாத ஆள். தொடர் முழுக்க அந்தப் பயம்தான் ஓடுகிறது. அது தஞ்சாவூர்க்காரருக்கும் எட்டும்.

பாலக்கோடு வாசகி:
சரி, நந்தினி வருகிற இடங்களை மறுபடி பார்க்கிறேன். 2025-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அஷ்டகாளித் திருவிழாவாமே, அதிலும் இப்படி இருக்கிறதா?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
இருக்கிறது அக்கா. கொலைப்பழியில் எட்டுப் பெண்கள் வருவார்கள். முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.