வசந்த காலத் தோட்டத்தில் காய்கறியும் கோழியும்

கேள்வி: குத்தகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் வசந்த காலத்தில் கீரையும் பட்டாணியும் விதைக்க எண்ணியுள்ளேன். அங்கேயே சில கோழிகளையும் வளர்த்தால் நாற்றுகள் பிழைக்குமா, எச்சத்தை உடனே உரமாக இடலாமா என்பதை அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1: விதைப்பதற்கு முன்பு கோழிகளைப் பாத்திகளில் மேயவிட்டால் நத்தைகளையும் புழுக்களையும் பொறுக்கித் தின்றுவிடும்; விதை ஊன்றிய பின்னரோ அவை மண்ணைக் கிளறி முளைகளை வெளியே தள்ளிவிடும் என்பதால், பாத்திகளைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பது கட்டாயம் என்றே சொல்வேன். பகல் நீளும் இப்பருவத்தில் முட்டையும் கூடும்.

பதில் 2: புதிய எச்சத்தில் நைட்ரஜன் மிகுதியாக இருப்பதால் இளவேர்கள் கருகும், நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். வைக்கோலுடனும் சருகுடனும் சேர்த்துச் சில மாதங்கள் மக்கவைத்த பிறகே இடுங்கள்.

பதில் 3: உருளைக்கிழங்குச் செடியின் தழையையும் பச்சை ஏறிய கிழங்கையும் கோழிகளுக்குப் போடாதீர்கள், அவற்றில் சோலனைன் என்னும் நஞ்சு உள்ளது.