பிரான்சைஸ்: குத்தகையா, இயக்குரிமையா?

நண்பர்களே, பிரிட்டன் ரயில் வரலாற்றுப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1923இல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கானது, 1948இல் நாட்டுடைமையானது வரை சிக்கலில்லை. 1993 சட்டத்துக்குப் பின் தண்டவாளம் ரயில்ட்ராக் என்ற கம்பெனியிடம் போனது. வண்டி விடும் வேலையைத் தடவாரியாகப் பிரித்து, இத்தனை ஆண்டுக்கு என்று தனியாருக்குக் கொடுத்தது அரசு. இந்த 'பிரான்சைஸ்'க்குத் தமிழில் என்ன போடலாம்?
- அ.

குத்தகை. மீன்பாசி, புளியமரம், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் அதுதானே? கெடு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1948இல் பங்குதாரர்களுக்கு ஈடாக அரசுப் பத்திரம் கொடுத்தார்கள். 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில் சேவையை அரசு எடுத்தபோது அப்படி எதுவும் தேவைப்படவில்லை. ஏன்? குத்தகை முடிந்தது, அவ்வளவுதான்.
- மு.

குத்தகை கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த. நம் கல்வெட்டுகளில் 'காராண்மை மீயாட்சி' இருக்கையில் அது எதற்கு? மீயாட்சி மேலுரிமை, காராண்மை உழுதுண்ணும் உரிமை. ரயில்ட்ராக்குக்கு மீயாட்சி, வண்டி விடுபவருக்குக் காராண்மை. இந்தக் 'கார்' பருவமா, காரான் என்னும் எருமையா என்று தனி மடல் எழுதுகிறேன்.
- த.

ஐயா, மாணவன் மோட்டார் காரைத்தான் நினைப்பான். அதோடு, உரிமையைக் கொடுத்தது அரசு. ரயில்ட்ராக்குக்குப் போனது தண்டவாளத்தில் ஓட்டுவதற்கான தடக்கட்டணம் மட்டுமே. ஹாட்ஃபீல்டு ரயில் விபத்துக்குப் பின் ரயில்ட்ராக் நொடித்து, 2002இல் தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. அதனால் இந்த ஒப்பந்தங்கள் செத்துப்போகவில்லையே.

மு. அண்ணன் சொல்வதும் ஒட்டவில்லை. வண்டிகளே ஏஞ்சல், எவர்ஷால்ட், போர்ட்டர்புரூக் கம்பெனிகளிடம் குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைதாரர் குத்தகைக்கு எடுத்த வண்டி என்றா எழுதுவது? மேலும் குத்தகைதாரர் பணம் கட்டுவார். நேஷனல் எக்ஸ்பிரஸ் கம்பெனி கிழக்குக் கடற்கரைத் தடத்துக்கு 140 கோடி பவுண்டு கட்டுவதாக எடுத்து, 2009இல் கைவிட்டது. ஆனால் பல தடங்களில் அரசே மானியம் கொடுத்து ஓட்டச் சொன்னது. 'இயக்குரிமை' போதும்.
- ச.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இருக்கிறது, தங்கச்சி.
- மு.

இயக்குரிமைக்கு மூன்று பேர் தனிமடலில் சரி சொன்னார்கள். அதையே போடுகிறேன், வண்டிகளுக்கு 'வாடகை'. ரயிலா தொடர்வண்டியா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
- அ.

போடுங்கள் தம்பி. ஆனால் 2020க்குப் பிறகு வரும் பத்தியில் வேண்டாம். கொரோனாவில் டிக்கெட் வருமானத்தையும் செலவையும் அரசே ஏற்று, கம்பெனிகளுக்கு நிர்வாகக் கட்டணம் மட்டும் கொடுத்தது. அது கூலி ஒப்பந்தம். அதில் என்ன உரிமை இருக்கிறது?
- மு.